0.025 புள்ளியில் கைமாறிய கோப்பை... அமெரிக்க மைதானங்களை அதிரவைக்கும் பித்தளை யுத்தம்!

2008, ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் இருக்கும் ப்ளூமிங்டன் நகர மைதானம். கோடைக்காலம் முழுக்கப் பேருந்து இருக்கைகளிலும் பள்ளிக்கூட ஜிம் தரைகளிலும் தூங்கி எழுந்த இளைஞர்கள், வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். ‘ப்ளூ டெவில்ஸ்’ அணிக்கு 98.100. ‘ஃபேன்டம் ரெஜிமென்ட்’ அணிக்கு 98.125. வித்தியாசம் வெறும் 0.025 புள்ளி! கோப்பை ஃபேன்டம் ரெஜிமென்ட்டுக்குப் போனது.

அந்த 0.025-ஐ வைத்து ரசிகர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த அணியின் பித்தளை முழக்கம் உசத்தி என்பதுதான் அந்தச் சண்டையின் மையம்.

டிரம் கோர் என்றதும் சாதாரண பேண்டு வாத்தியக் குழுவை நினைத்துக்கொள்ள வேண்டாம். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்ஸபோன் எதற்கும் இங்கே இடமில்லை. ட்ரம்பெட், மெல்லோபோன், பாரிடோன், தோளில் சுமக்கும் ட்யூபா எனப் பித்தளை வாத்தியங்கள். அவற்றுடன் டிரம் வகைகள். கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு. அவ்வளவுதான். 150-க்கும் மேற்பட்டவர்கள் கால்பந்து மைதானத்தில் ஓடி, வளைந்து, கலைந்து, மறுபடி சேர்ந்து சுமார் 12 நிமிடங்கள் வாசிப்பார்கள். கையில் நோட்டு கிடையாது. எல்லாம் மனப்பாடம்!

முதல் உலகப்போருக்குப் பிறகு, ஊர் திரும்பிய படைவீரர்களின் சங்கங்கள் வளர்த்த பழக்கம் இது. டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டி.சி.ஐ, 1972-ல் முதல் சாம்பியன்ஷிப்பை நடத்தியது. வென்றது கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென். இதில் பங்கேற்க வயது வரம்பு உண்டு. 22 வயதோடு கதை முடிந்தது.

மதிப்பெண் கணக்கைப் பார்த்தால் சண்டைக்கான காரணம் புரிந்துவிடும். மொத்தம் 100. ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. இசைக்கான அந்த 30-லும் பித்தளைக்கென்று தனியாகக் கிடைப்பது 10 மட்டுமே! ரசிகர்களின் காதில் விழுவதில் பெரும்பங்கு பித்தளை. ஸ்கோர் அட்டையில் அதன் நேரடிப் பங்கு பத்தில் ஒன்று. ‘எங்க அணிதான் நல்லா ஊதினாங்க, ஆனா தோத்துட்டாங்க’ என்ற புலம்பல் வருடா வருடம் கேட்பதில் ஆச்சர்யமென்ன?

ஆளுக்கொரு குரல்

ஒவ்வோர் அணிக்கும் ஒரு குரல் இருக்கிறது. இல்லினாய் மாகாணத்தின் ஃபேன்டம் ரெஜிமென்ட், மேற்கத்திய சாஸ்திரிய இசைக்குப் பெயர்போனது. அடியில் கனமான ட்யூபா, அதன்மேல் அடர்த்தியான பாரிடோன் எனக் கீழிருந்து எழும் சத்தம். ரசிகர்கள் இதை ‘டார்க்’ என்பார்கள். கலிஃபோர்னியாவின் ப்ளூ டெவில்ஸ் வளர்ந்தது ஜாஸ் மரபில். ட்ரம்பெட் பளீரென்று மேலே நிற்கும், சுத்தம், துல்லியம். 2014-ல் இந்த அணி எடுத்த 99.65-தான் டி.சி.ஐ வரலாற்றிலேயே உச்ச மதிப்பெண். 2013-ல் கோப்பை வென்ற கரோலினா கிரவுனின் பலம் வேகம். ஓடிக்கொண்டே அத்தனை பேரும் ஒரே ஆள் போல ஊதுவார்கள்.

ஓடிக்கொண்டே ஊதுவது கஷ்டம்தான். அதைவிடப் பெரிய எதிரி ஒன்று இருக்கிறது. ஒலியின் வேகம்! மைதானத்தின் நீளம் சுமார் 91 மீட்டர். ஒரு மூலையில் எழுந்த சத்தம் மறுமூலைக்குப் போய்ச்சேர கால் நொடிக்கும் மேலாகும். நிமிடத்துக்கு 180 தாளம் ஓடும்போது ஒரு தாளமே மூன்றில் ஒரு பங்கு நொடிதான். பக்கத்தில் கேட்பதை நம்பி ஊதினால் மொத்தமும் குழம்பிவிடும். அதனால் பின்னாலிருக்கும் டிரம் வரிசையின் சத்தம் தங்களைக் கடக்கும் கணத்தில் முன்னால் நிற்பவர்கள் ஊதுவார்கள். பின்வரிசைக்கு டிரம் மேஜரின் கைதான் கதி. காதை நம்ப வேண்டிய இடம் எது, கண்ணை நம்ப வேண்டிய இடம் எது எனத் தெரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் பயிற்சி. நூறடி தள்ளி நிற்பவரோடு சேர்ந்து ஒரே ஸ்வரத்தில் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

தோற்றும் நிலைத்த அணி

ஒப்பீடு என்று பேச ஆரம்பித்தால் 1993-ஐத் தொடாமல் யாரும் முடிக்க மாட்டார்கள். மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் நியூ ஜெர்சியின் கேடட்ஸ் எடுத்தது 97.4. ஸ்டார் ஆஃப் இண்டியானா 97.3. ஸ்டார் அணி அன்று வாசித்தது பார்பர், பார்டோக் ஆகியோரின் இறுக்கமான, எளிதில் பிடிபடாத இசை. கூட்டத்தில் ஒரு பகுதி முகம் சுளித்தது. ஸ்டார் அத்தோடு போட்டிகளிலிருந்தே விலகியது. பின்னாளில் ‘பிளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சியாக மாறி, 2001-ல் பிராட்வேயின் டோனி விருதையே வாங்கியது. 1934-ல் தொடங்கிய கேடட்ஸோ 2024-ல் மூடப்பட்டுவிட்டது. அன்று முகம் சுளிக்கவைத்த அந்த ஷோவை இன்று பாடம்போலப் பார்க்கிறார்கள் இளைஞர்கள்.

பழைய ஒலிப்பதிவையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2000-க்கு முன்பு எல்லோரும் ஊதியது ஜி சுருதி ப்யூகிள். முரட்டுத்தனமான, காதைக் கிழிக்கும் சத்தம். சுருதி சேர்ப்பதும் சிரமம். 2000-ல் எந்தச் சுருதி வாத்தியமும் வரலாம் என விதி மாறியது. சுருதி சுத்தமானது, பழைய முரட்டுத்தனம் குறைந்தது. மேடிசன் ஸ்கவுட்ஸ் போன்ற அணிகளின் 80-களின் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இன்றும் தீராத ஏக்கம்.

இப்போதைய சண்டை மின்சாரத்தோடு. 2004-ல் ஒலிபெருக்கியும் 2009-ல் சிந்தஸைசரும் அனுமதிக்கப்பட்டன. ப்ளூகோட்ஸ் அணி 2014-ல் ‘டில்ட்’ நிகழ்ச்சியில் மின்னணு ஒலியையும் பித்தளையையும் ஒன்றாக வளைத்துக் காட்டியபோது அரங்கமே வாய்பிளந்தது. இது நல்ல உதாரணம். ஆனால், ஸ்பீக்கரிலிருந்து வரும் தாழ்ந்த ஒலியை ட்யூபாக்களுக்கு அடியில் மெத்தைபோல விரித்துவிட்டால், தரையை அதிரவைப்பது பிள்ளைகளின் மூச்சா, மின்சாரமா? பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்யூபாவைத் தோளில் சுமந்தபடி ஓடுபவனுக்கு இந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும்.

போதாக்குறைக்கு, 2009 முதல் இறுதிப்போட்டி இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் மைதானத்தில் நடக்கிறது. கூரை மூடினால் எதிரொலி வேறு. ஒரே அணி வெட்டவெளியில் ஒரு மாதிரியும் அங்கே வேறு மாதிரியும் கேட்கும்.

2020-ல் கொரோனா காரணமாக மொத்த சீசனும் ரத்தானது. அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு என்றிருந்தவர்களுக்கு, வாசிக்காமலேயே வயது தாண்டிவிட்டது.

பித்தளையை உண்மையாக ஒப்பிட விரும்பும் ரசிகர்கள் இப்போதெல்லாம் வாகன நிறுத்துமிடத்துக்கு முன்கூட்டியே போய்விடுகிறார்கள். போட்டிக்கு முன் அணிகள் அங்கேதான் அரைவட்டமாக நின்று வாயைப் பழக்கிக்கொள்ளும். மைக் இல்லை, சிந்தஸைசர் இல்லை, நடுவரும் இல்லை. வரிசைக்கு முன்னால் சில அடி தூரத்தில் நின்றால், முதல் ஸ்வரம் சட்டைப் பொத்தானில் அதிர்வது தெரியும்.