முதலுக்கு முன் வேண்டுவது

சிறுதொழில் தொடங்க எண்ணுவோர், பெரும்பாலும் பணத்தைப் பற்றியே முதலில் கவலைகொள்வர். பணம் இன்றியமையாததே. ஆயினும், ‘எதற்காக இத்தொழில்?’, ‘என்னிடம் உள்ள வலிமை யாது?’ என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே எவ்வளவு பணம் தேவை என்பது புலப்படும்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்றே ஓர் அதிகாரம் உண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவரின் வலிமை, துணைவரின் வலிமை ஆகிய நான்கையும் ஆராய்ந்து செயலில் இறங்குமாறு வள்ளுவர் அறிவுறுத்துகிறார். அரசர்க்குக் கூறிய அவ்வறிவுரை அப்பளத் தொழிலுக்கும் பொருந்துமா? மும்பையில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

1959ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், கிர்காவ் பகுதியிலுள்ள ஒரு குடியிருப்பின் மொட்டைமாடியில் குஜராத்திப் பெண்கள் எழுவர் கூடினர். கடனாகப் பெற்ற 80 ரூபாயே அவர்களது முதல். அன்று அவர்கள் செய்தவை நான்கு பொட்டலம் அப்பளங்கள். அத்தொழிலே பின்னர் ‘லிஜ்ஜத்’ எனப் பெயர் பெற்றது.

அவர்களது குறிக்கோள் தெளிவானது: வீட்டுப் பொறுப்பைக் கைவிடாமல், தம் உழைப்பால் பொருள் ஈட்டுதல். ஆகவே, நட்டம் நேரினும் நன்கொடை பெறுவதில்லை என உறுதிபூண்டனர். செய்யவேண்டியதைக் காட்டும் குறிக்கோளே மறுக்கவேண்டியதையும் காட்டியது.

அவர்களது வலிமையோ மிக எளியது. உயர்கல்வி இல்லை, கடை இல்லை, அப்பளம் இடும் கைப்பழக்கம் இருந்தது. நாள்தோறும் செய்யும் வேலையாதலின் பலர் அதனை ஒரு வலிமையாகக் கருதுவதில்லை. அவர்கள் கருதினர்.

தம் குறையையும் அவர்கள் அறிந்துகொண்டனர். மழைக்காலத்தில் அப்பளம் உலராமையால் முதலாண்டில் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஓர் அடுப்பும் வாங்கினர். கட்டிலின்மேல் அப்பளங்களைப் பரப்பி, கீழே அடுப்பை மூட்டி உலர்த்தினர். தொடக்கத்தில் உயர்ந்தது, தாழ்ந்தது என இருவகை அப்பளங்கள் செய்தனர். கடன் தந்து உதவிய பெரியவர், ஒரே தரத்தில் செய்யுமாறும் அத்தரத்தை ஒருபோதும் குறைக்காதிருக்குமாறும் கூறினார். அவரே அவர்களுக்குத் துணைவலி.

முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய். இன்று நாடெங்கும் பல்லாயிரம் பெண்கள் அந்நிறுவனத்தின் பங்காளிகள். எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட், 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

மாணவர்களே! வீட்டில் தமிழும், தெருவில் இவ்வூர் மொழியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகின்றீர்கள். நாள்தோறும் பேசுவதாலேயே அதனை வலிமையென எண்ணாதிருக்கின்றீர்கள் அல்லவா? வாணிகம் செய்வார்க்குப் பலர் மொழி அறிதல் பெருஞ்செல்வம். உங்கள் கணக்கில் அதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதிப் பழகுக: உம் வீட்டில் நாள்தோறும் நடைபெறும் வேலை ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதனைத் தொழிலாக்கினால் குறிக்கோள் யாது, கையிலுள்ள வலிமை யாது, தீர்க்கவேண்டிய குறை யாது என மூன்று தொடர்களில் எழுதுக.