புயல் சாய்த்த காட்டில் முகாம்

ஒடிசா மாநிலத்தில் பூரிக்கும் கொனாரக்குக்கும் இடையே, கடலோர மணல்மேடுகளின்மீது அமைந்துள்ளது பாலுகண்டா-கொனாரக் வனவிலங்குச் சரணாலயம். சுமார் 72 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இக்காட்டின் பெரும்பகுதி, மணல் நகர்வதைத் தடுக்க மனிதர் நட்டு வளர்த்த சவுக்கும் முந்திரியுமே ஆகும். புள்ளிமான்கள் திரியும் இந்த அமைதியான காட்டின் தோற்றத்தையே, 2019 மே 3 அன்று பூரியருகே கரையைக் கடந்த ஃபானி புயல் மாற்றிவிட்டது.

சவுக்கு விரைவில் உயரும். ஆயினும் இளகிய மணலில் அதன் வேர்ப்பிடிப்பு கடும் புயலைத் தாங்குவதில்லை. வேரோடு சாய்ந்தபின் அது மீண்டும் துளிர்ப்பதும் அரிது. முந்திரியோ, முறிந்த அடிமரத்திலிருந்தே தழைக்க வல்லது. கடற்கரைக்கு இயல்பாகவே உரிய புன்னையும் புங்கமும் மெதுவாக வளர்பவை. எனினும் காற்றுக்கு ஈடுகொடுப்பவை. ஒரே இனத்தை வரிசையாக நடுவதைவிட இவற்றைக் கலந்து வளர்ப்பதே அறிவுடைமை எனலாம்.

இத்தகைய காட்டில் முகாமிடுவோர் முதலில் நோக்க வேண்டியது தரையையன்று, தலைக்கு மேலே உள்ளதை. முறிந்த கிளை மற்றொரு மரத்தின் உச்சியில் சிக்கிப் பல மாதங்கள் தொங்கிக்கிடந்து, காற்றே இல்லாத ஒருநாளில் விழக்கூடும். வேர் பாதி பெயர்ந்த மரமும் அவ்வாறே. ஆகவே அருகிலுள்ள மரத்தின் உயரத்தைவிட அதிகத் தொலைவு விட்டே கூடாரம் அமைத்தல் வேண்டும்.

அடுத்தது விறகு. எங்கு நோக்கினும் காய்ந்த கட்டைகள் கிடக்கையில், இரண்டை எடுத்து எரித்தால் என்ன என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அக்கட்டையின் நிழலில்தான் மணலின் ஈரம் தங்குகிறது. அங்கேதான் விழுந்த விதை கோடையைக் கடந்து நாற்றாகிறது. மேலும், உதிர்ந்து உலர்ந்த சவுக்கு ஊசிகளில் பற்றிய தீ எளிதில் அடங்காது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் தீயிடுவதைத் தடை செய்கிறது. சுற்றுலாவுக்காக நுழைவதற்கும் அனுமதிச்சீட்டு தேவை. சமையலுக்கு அடுப்பையும் எரிபொருளையும் உடன் கொண்டுவருவதே முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சுற்றியுள்ள சிற்றூர் மக்களுக்கு விழுந்த கட்டை என்பது அடுப்பெரிக்கும் பொருள். அவர்களை அதிலிருந்து விலக்கிவிட்டு, வெளியூர் விருந்தினருக்கு மட்டும் காட்டைத் திறந்துவிடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. முகாம்களின் காவல், உணவு, வழிகாட்டல் ஆகிய பணிகள் அவர்களுக்கே கிட்டுமானால், நாற்றுகளைக் காப்பதில் அவர்களுக்கும் அக்கறை பிறக்கும். இளங்கன்றுகள் மிதிபடும் அளவுக்குச் சிறியனவாக உள்ள பகுதிகளையோ, சில பருவமழைகள் கடக்கும்வரை எவருக்கும் திறவாமல் வைப்பதே நலம்.