பித்தளை டோக்கனும் பிடிவாதக் காவல்காரரும்

அந்தக் காலத்து பாங்க் பித்தளை டோக்கன் ஞாபகம் இருக்கிறதா? நம்பர் உங்கள் கையில். லெட்ஜர் கவுன்ட்டருக்கு உள்ளே!

கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். புரோகிராம் ஒரு ஃபைலைக் கேட்டால், கெர்னல் என்கிற காவல்காரர் ஃபைலைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். 3, 4, 5 என்று ஒரு நம்பரை நீட்டுவார். அதன் பெயர் ஃபைல் டிஸ்கிரிப்டர்.

சரி, இதில் என்ன வம்பு? ஃபைலின் பெயரைச் சொல்லி, புதுசு புதுசாக டோக்கன் வாங்கிக்கொண்டே இருக்கலாமே! டிசிபி-டம்ப் என்று ஒரு புரோகிராம். நெட்வொர்க்கில் யார் யாரோ அனுப்புவதைப் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. அதில் ஓட்டை இருந்து விஷமி ஒருவன் புகுந்தால்? அதை ஓட்டுகிறவரின் அதிகாரம் மொத்தமும் அவன் கையில்!

2010-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வாட்சனும் ஜொனாதன் ஆண்டர்சனும், கூகுள்காரர் இருவரோடு சேர்ந்து இதற்கு வழி சொன்னார்கள். பெயர் காப்சிகம். (ஆமாம், மிளகாய்க் குடும்பப் பெயரேதான்!) 2012-ல் ஃப்ரீபிஎஸ்டி 9.0-ல் அது ஏறியது.

டோக்கனிலேயே 'படிக்க மட்டும்' என்று முத்திரை குத்தலாம். 'கேப்-என்டர்' என்று புரோகிராம் ஒரு தடவை சொல்லிவிட்டால் போச்சு. அப்புறம் வெறும் பெயரை மட்டும் சொல்லி எதையும் திறக்க முடியாது. முடிவை மாற்றவும் முடியாது.

அந்தக் கெர்னலைப் படித்தபோது எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. புதிதாக ஒரு வசதி சேர்த்தால், 'இதற்கு அனுமதி உண்டு' என்று பராமரிப்பவர் யோசித்துக் குறித்து வைக்கணும். மறந்துட்டாரா? அனுமதி கிடையாது! மறதியால் ஒரு புரோகிராம் நின்றுபோகலாம். கதவு திறந்து கிடக்காது.

எங்க ஆபீஸ் பீரோவுக்கும் இந்த ரூல் வந்தால் தேவலை!