முதலில் செய்ய வேண்டியது எது? தகவல் பாதுகாப்புத் தேர்வு கற்றுத் தரும் பாடம்

ஒரு நிறுவனத்தின் கணினி அறையில் தீப்பற்றிக்கொள்கிறது. பொறுப்பில் இருப்பவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? தீயணைப்புக் கருவியை இயக்குவதா? மின்சாரத்தைத் துண்டிப்பதா? முக்கியத் தகவல்கள் அடங்கிய வன்தட்டுகளைக் கழற்றிக்கொண்டு ஓடுவதா? உள்ளே இருப்பவர்களை வெளியேற்றுவதா?

நான்குமே செய்யத் தக்கவைதான். ஆனாலும் முதலிடம் ஒன்றுக்குத்தான் உண்டு. எரிந்த கணினியை மறுபடியும் வாங்கிக்கொள்ளலாம். போன உயிரை எந்தக் காப்புறுதியும் மீட்டுத் தராது.

தகவல் பாதுகாப்புத் துறையினர் உலக அளவில் மதிக்கும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. தேர்வு, இந்த 'முதலில்' என்ற சொல்லைத்தான் பல கோணங்களிலிருந்து கேட்கிறது. இரவும் பகலும் கணினியோடு வாழ்பவர்கள்கூட இதில் தடுமாறிவிடுவது உண்டு. ஏன் தடுமாறுகிறார்கள் என்பது புரிந்துவிட்டால், தேர்வுக்கான ஆயத்தத்தில் பாதி முடிந்தது என்றே சொல்லலாம்.

எட்டுப் பகுதிகள்

அமெரிக்காவில் 1989-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஐ.எஸ்.சி.2 என்ற லாப நோக்கற்ற அமைப்பு, 1994-ஆம் ஆண்டு முதல் இந்தச் சான்றிதழை வழங்கி வருகிறது. முன்பு பத்துப் பகுதிகளாக இருந்த பாடத்திட்டம் 2015-ல் எட்டாக மாற்றியமைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த பங்கீட்டின்படி, பாதுகாப்பு, இடர் நிர்வாகம் பற்றிய பகுதிக்கு 16 விழுக்காடு. பாதுகாப்பு வடிவமைப்பு, கட்டமைப்புத் தொடர்பு, அடையாளமும் அனுமதியும், அன்றாடப் பாதுகாப்புப் பணிகள் ஆகிய நான்குக்கும் தலா 13 விழுக்காடு. மதிப்பீடும் சோதனையும் 12. தகவல் சொத்துகளின் பாதுகாப்பு, மென்பொருள் உருவாக்கத்தில் பாதுகாப்பு ஆகியவை தலா 10.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆகப் பெரிய பங்கு தீச்சுவருக்கோ மறையாக்கத்துக்கோ ஒதுக்கப்படவில்லை. எது ஆபத்து, எதைக் காப்பது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்று முடிவெடுக்கும் பகுதிக்கே அது போகிறது.

எட்டுப் பகுதிகளுக்கும் அடித்தளமாக மூன்று கருத்துகள் உள்ளன. ஒரு மருந்தகத்தில் இருக்கும் நோயாளியின் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். அதை வேண்டாதவர் பார்க்கக்கூடாது, இது இரகசியம். அதில் உள்ளதை யாரும் திருத்திவிடக்கூடாது, இது முழுமை. மருத்துவர் கேட்கும் நேரத்தில் அது கையில் இருக்க வேண்டும். இது கிடைக்கும் தன்மை. மூன்றில் ஒன்று தவறினாலும் நோயாளிக்குத்தான் பாதிப்பு. கேள்வி எவ்வளவு சிக்கலாகத் தெரிந்தாலும், இம்மூன்றில் எதற்கு ஆபத்து என்று கேட்டுப் பார்த்தால் வழி தெளிவாகும்.

தெரிந்தவரும் தோற்பது ஏன்?

பத்து ஆண்டுகள் அனுபவமுள்ள ஒரு கட்டமைப்புப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். அலுவலகக் கணினி ஒன்றில் நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று கேட்டதுமே அவருடைய கை விசைப்பலகைக்குப் போய்விடும். நச்சுநிரலை அழித்து, கணினியைத் துடைத்து, மாலைக்குள் வேலைக்குத் தயாராக்கிவிடுவார். அந்தத் திறமைக்காகத்தான் அவருக்குச் சம்பளம்.

தேர்விலோ அதே பழக்கம் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. கணினியைத் துடைத்தபோது, யார் எப்படிப் புகுந்தார் என்பதற்கான தடயமும் சேர்ந்து அழிந்துபோனது. வேறு எத்தனை கணினிகளில் அது பரவியுள்ளது என்று அவர் பார்க்கவில்லை. மேலிடத்துக்கும் தெரிவிக்கவில்லை. பாடத்திட்டம் சொல்லும் வரிசை வேறு: கண்டறிதல், பதில் நடவடிக்கையில் இறங்குதல், பரவாமல் தடுத்தல், உரியவர்களுக்குத் தெரிவித்தல், மீட்டெடுத்தல், மூல காரணத்தைச் சரிசெய்தல், பாடம் கற்றல். சுத்தம் செய்வது அவசியம்தான். ஆனால் அது முதல் வேலையல்ல.

ஆகவே இது பழுது பார்ப்பவரின் தேர்வு அல்ல. பழுதுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் தேர்வு.

2018 தந்த பாடம்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் சம்பவத்தை நினைவுகூர வேண்டும். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை நடந்த ஊடுருவலில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி போன்ற விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகள் பற்றிய விவரமும் பறிபோனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் தேடப்பட்டன.

இது குறித்து அமைக்கப்பட்ட விசாரணைக் குழு தனது அறிக்கையை 2019 ஜனவரியில் வெளியிட்டது. தாக்கியவர்கள் திறமைசாலிகள் என்பதை அறிக்கை ஒப்புக்கொண்டது. எனினும், கட்டமைப்பில் இருந்த ஓட்டைகளோடு மனிதர்களின் தயக்கத்தையும் அது சுட்டிக்காட்டியது. சந்தேகத்துக்குரிய முயற்சிகள் ஜூன் மாதத்திலேயே ஊழியர் சிலரின் கண்ணில் பட்டிருந்தன. ஆனால் மேலிடத்துக்குத் தெரிந்தால் தமக்கும் தம் குழுவினருக்கும் நெருக்குதல் கூடும் என்று எண்ணி, முக்கியப் பொறுப்பில் இருந்த ஒருவர் தெரிவிப்பதைத் தள்ளிப்போட்டார். மறுபக்கத்தில், ஜூலை 4-ஆம் தேதி தகவல் தளத்தில் வழக்கத்துக்கு மாறான தேடல் நடப்பதைக் கவனித்து அதை நிறுத்த முயன்றவர்களும் அங்கே பணிபுரிந்த ஊழியர்கள்தான்.

தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் கணினிச் சேவைகளைக் கவனித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதித்தது.

இன்று தெரிவிப்பது என்பது விருப்பத்தைப் பொறுத்த செயலாக இல்லை. சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் நடப்புக்கு வந்தது. நாட்டின் அத்தியாவசியக் கட்டமைப்புகளை நடத்துவோர், ஒரு சம்பவம் தெரியவந்த 2 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 26-ல் நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 6 மணி நேரத்துக்குள் முதற்கட்ட விவரங்களைத் தர வேண்டும். தேர்வில் 'யாரிடம், எப்போது சொல்வது?' என்று கேட்பதன் பொருள் இதுதான்.

வெள்ளிக் கணக்கு

தேர்வு எதிர்பார்க்கும் இன்னொரு திறமை, ஆபத்தை வெள்ளிக் கணக்கில் சொல்வது. அடித்தள அறையில் 200,000 வெள்ளி பெறுமானமுள்ள கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ளம் புகுந்தால் அதில் பாதி வீணாகும். ஒரு தடவைக்கான இழப்பு 100,000 வெள்ளி. அத்தகைய வெள்ளம் பத்து ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்றால், ஆண்டுக்கான இழப்பு 10,000 வெள்ளி.

அதைத் தடுக்க ஆண்டுக்கு 15,000 வெள்ளி செலவாகும் ஏற்பாட்டை ஒருவர் விற்க வந்தால் என்ன செய்வது? கணக்குப்படி அது நட்டம். 4,000 வெள்ளியில் முடியும் என்றால் யோசிக்கலாம். கணினிகளை மேல்மாடிக்கு மாற்றலாம்; காப்புறுதி எடுக்கலாம்; ஆபத்தை அறிந்தே ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம். எதுவானாலும் முடிவெடுப்பவர் நிர்வாகத்தினர். பாதுகாப்பு அதிகாரியின் கடமை, அவர்கள் தெளிவோடு முடிவெடுக்கக் கணக்கை முன்னே வைப்பது.

ஆயத்தமாவது எப்படி?

தேர்வுக் கட்டணம் 749 அமெரிக்க டாலர். தோற்றால் அடுத்த முயற்சிக்கு 30 நாள் காத்திருந்து மறுபடியும் கட்டணம் செலுத்த வேண்டும். குடும்பச் செலவுகளுக்கு நடுவே இது சிறிய தொகை அல்ல. ஆகவே அவசரப்பட்டு நாள் குறிக்காமல் திட்டமிட்டுப் படிப்பதே நல்லது.

முதலில், ஐ.எஸ்.சி.2 இலவசமாக வெளியிடும் பாடத்திட்ட விளக்கத்தை எடுத்து, ஒவ்வொரு தலைப்பின் பக்கத்திலும் 'தெரியும்', 'ஓரளவு தெரியும்', 'தெரியாது' என்று குறித்துக்கொள்ள வேண்டும். மென்பொருள் எழுதுபவருக்குச் சட்டமும் கட்டடப் பாதுகாப்பும் புதிதாக இருக்கும். தணிக்கை செய்பவருக்கு மறையாக்கம் புதிதாக இருக்கும். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கலாம். அதனால் பலன் குறைவு.

அடுத்து, ஒரு நல்ல பாடநூலை முழுமையாகப் படிப்பது. நான்கைந்து நூல்களை வாங்கி அடுக்கி வைப்பதைவிட ஒன்றை இரண்டு முறை படிப்பது மேல். வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் உறங்கிய பிறகு ஒரு மணி நேரம் என்று ஒதுக்கினாலும் சில மாதங்களில் முடித்துவிடலாம்.

மூன்றாவது, பயிற்சிக் கேள்விகள். எத்தனை கேள்விகளுக்குச் சரியாகப் பதிலளித்தோம் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்வது பலரும் செய்யும் தவறு. மற்ற மூன்று விடைகளும் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரியில் எழுதிப் பார்க்க வேண்டும். 'முதலில்', 'சிறந்தது', 'மிக முக்கியமானது' போன்ற சொற்களைக் கோடிட்டுப் பழகுவதும் உதவும்.

தேர்வு நாளன்று

2024 ஏப்ரல் 15 முதல் தேர்வு நேரம் 3 மணி. கேள்விகள் 100 முதல் 150 வரை. தேர்ச்சிக்கு 1,000-ல் 700 புள்ளிகள் தேவை. எழுதுபவரின் பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வியைக் கணினியே தெரிவு செய்கிறது. சரியாகச் சொன்னால் அடுத்தது கடினமாகும். எனவே கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனால் மனம் தளர வேண்டியதில்லை. அது நல்ல அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஒரு கேள்வியைத் தாண்டிப் போகவோ, பின்னால் திரும்பி வந்து பதிலை மாற்றவோ இயலாது. 150 கேள்விகளும் வரும் என்று எண்ணினால், ஒரு கேள்விக்கு 72 விநாடிதான். நேரம் முடிவதற்குள் 100 கேள்விகளையாவது முடிக்காதவர் தோற்றவராகவே கருதப்படுவார். நூறாவது கேள்வியோடு கணினி நின்றுவிட்டால் பதறவும் வேண்டாம், துள்ளவும் வேண்டாம். முடிவு உறுதியாகிவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள்.

சிறியதொரு கவனக்குறைவும் அந்த நாளைக் கெடுத்துவிடக்கூடும். பதிவு செய்யும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பெயருக்கு நடுவே எஸ்/ஓ, ஏ/எல் என்று தந்தை பெயரைச் சேர்த்து எழுதும் நம்மவர்கள் இதைப் பதிவு செய்யும்போதே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

குறுக்கு வழி வேண்டாம்

'உண்மையான தேர்வுக் கேள்விகள்' என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வெழுதும் ஒவ்வொருவரும் கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்ற உடன்பாட்டுக்கு இணங்கித்தான் தேர்வைத் தொடங்குகிறார். அதை மீறி வந்த கேள்விகளை வாங்கிப் படிப்பவர், பிறருடைய இரகசியத்தைக் காக்கப் போகும் வேலைக்கு இரகசியத்தை விலைக்கு வாங்கி நுழைகிறார். பிடிபட்டால் சான்றிதழும் போகும், பேரும் போகும்.

இந்த அமைப்பின் நன்னெறிக் கோட்பாடுகள் நான்கு. சமுதாயத்தையும் பொதுநலனையும் காப்பது முதலாவது. நேர்மையோடும் சட்டத்துக்கு உட்பட்டும் நடப்பது இரண்டாவது. வேலை தந்தவருக்குத் திறம்பட உழைப்பது மூன்றாவது. தொழிலின் மதிப்பைக் காப்பது நான்காவது. ஒன்றுக்கொன்று முரண்பட்டால் இதே வரிசைப்படி முடிவெடுக்க வேண்டும். முதலாளிக்கு மூன்றாவது இடம், பொதுமக்களுக்கே முதலிடம்.

தேர்ச்சிக்குப் பிறகு

தேர்ச்சி பெற்றவுடன் சான்றிதழ் வந்துவிடாது. எட்டில் குறைந்தது இரண்டு பகுதிகளில் ஐந்து ஆண்டு முழுநேரப் பணி அனுபவம் வேண்டும். தொடர்புடைய பட்டம் பெற்றிருந்தால் ஓராண்டு குறையும். ஏற்கெனவே சான்று பெற்ற ஒருவரின் பரிந்துரையோடு ஒன்பது மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அனுபவம் போதாத இளையர்களும் தேர்வை எழுதலாம். அவர்கள் இணை உறுப்பினராக இருந்து, அந்த அனுபவத்தைப் பெற ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதன்பிறகும் மூன்று ஆண்டுக்கு 120 மணி நேரத் தொடர்கல்வி, ஆண்டுக் கட்டணம் என்று கடமைகள் தொடர்கின்றன.

ஒரு நள்ளிரவில் திரையில் ஏதோ ஒன்று வழக்கத்துக்கு மாறாகத் தெரியும். மேலதிகாரி உறங்கிக்கொண்டிருப்பார். எழுப்பினால் திட்டு விழலாம். எழுப்பாவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றும். அந்த நேரத்தில் யாரோ முகம் தெரியாத நோயாளிகளை நினைத்துத் தொலைபேசியை எடுப்பவர்தான் இந்தத் தேர்வில் உண்மையாகவே தேறியவர்.