வீட்டிலிருந்தே பணி: கடனுக்கு முன் ஒரு கணக்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மென்பொருள் பணி வீட்டுக்குள் வந்தது. 2025க்குள் ஊழியர்களில் 25 விழுக்காட்டினர் அலுவலகம் வந்தால் போதும் என்று டி.சி.எஸ். நிறுவனம் அவ்வாண்டே அறிவித்தது. 2023இல் அதே நிறுவனம் வாரம் ஐந்து நாளும் வருமாறு அழைத்தது.

இத்தகைய மாற்றத்தின் சுமை வங்கி மேசையில் தெளிவாகத் தெரிகிறது. பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்குச் சேலத்திலிருந்து பணியாற்றிய வாடிக்கையாளர் ஒருவர், பெற்றோருடன் வாழச் சொந்த ஊரில் வீடு வாங்கினார். கடன் 30 லட்சம் ரூபாய்; 8.5 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 26,000 ரூபாய். அலுவலகம் திரும்ப அழைத்ததும் பெங்களூரு வாடகையும் அதனுடன் சேர்ந்தது. இப்போது அவ்வீட்டில் வேறொருவர் குடியிருக்கிறார்.

வீட்டுப் பணி பயண நேரத்தையும் செலவையும் மிச்சப்படுத்துகிறது. அலுவலகமோ, புதியவர்கள் மூத்தோர் அருகில் அமர்ந்து தொழில் கற்கும் இடம். எது வேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். தவணை செலுத்துபவர் நாம்.

எனவே, கடனுக்கு விண்ணப்பிக்குமுன் பணி நியமன ஆணையைப் பாருங்கள். வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்பது அதில் எழுத்து வடிவில் உள்ளதா? இல்லையெனில், தவணையையும் நகர வாடகையையும் கூட்டி, அத்தொகையை ஆறு மாதங்கள் தனியே சேமித்துப் பாருங்கள். இயலுமானால் தயங்காமல் வாருங்கள். அச்சேமிப்பே உங்கள் முன்பணத்திற்கு உதவும்.