கொட்டாஞ்சேனைக்கு 36 பைட்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை. கொழும்பின் இந்த இரண்டு பெயர்களுக்கும் தமிழ்க் கணக்கில் ஆறாறு எழுத்துகள். கணினி அப்படி எண்ணுவதில்லை. யுனிகோட்டில் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி எண் உண்டு. அதன்படி வெள்ளவத்தை 10 குறிகள், கொட்டாஞ்சேனை 12. யுடிஎஃப்-8 முறை ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் எடுக்கும். முகவரிக்கு 30 பைட் மட்டும் ஒதுக்கி, மீதியைச் சத்தமில்லாமல் வெட்டும் பழைய தரவுத்தளத்தில் வெள்ளவத்தை முழுதாக நுழையும். மற்றது ‘கொட்டாஞ்சே’ என்று நின்றுவிடும். ஆங்கிலத்தில் எழுதித் தப்பித்துக்கொள்வதை நான் தீர்வாக ஏற்கமாட்டேன்.

பாமினி எழுத்துருக் காலத்தில் இந்தச் சிக்கல் மறைந்திருந்தது. ‘தமிழ்’ என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே இருந்தவை ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். இன்று ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஈழத்து நூல்களைத் தமிழிலேயே தேட முடிவது யுனிகோட்டால்.

 எழுத்தைப் பைட்டுகளாக்கும் முறையான குறியேற்றம் குழம்பினால் வரும் பழுது இரண்டு வகை. தலையில் சாய்கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் மாறிமாறி வந்தால் பயப்பட வேண்டாம்: பைட்டுகள் பத்திரமாக உள்ளன, லத்தீன்-1 என்று தவறாக வாசிக்கப்படுகின்றன, அவ்வளவே. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் 2018இன் 8.0 பதிப்பு வரும்வரை லத்தீன்-1தான் இயல்பிருப்பாக இருந்தது. அத்தகைய அட்டவணை நிரலை நேரே யுடிஎஃப்-8க்கு மாற்றினால் கோளாறு இரட்டிப்பாகும்; முதலில் வெறும் பைட்டுகளாக மாற்றி, பிறகே புதிய குறியேற்றத்தை அறிவிக்க வேண்டும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் ஆபத்து. அவையே தரவுத்தளத்தில் பதிந்திருந்தால் மூல எழுத்து அழிந்துவிட்டது; காப்புப்பிரதி இருந்தாலொழிய மீளாது.

அட்டவணையைத் திருத்தினால் மட்டும் போதாது, மென்பொருள் தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பிலும் அதே குறியேற்றம் இருக்க வேண்டும். ‘கொ’வை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் உள்ளிடலாம் என்பதால், சேமிக்குமுன் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதும் அவசியம். இல்லாவிட்டால் பார்வைக்கு ஒன்றான இரண்டு கொட்டாஞ்சேனைகளில் ஒன்று தேடலில் சிக்காமல் போகலாம்.

மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்ற பழைய தெரிவு ஒரு குறிக்கு 3 பைட்டோடு நின்றுவிடுவது. தேர்ந்தெடுக்க வேண்டியது ‘யுடிஎஃப்8எம்பி4’. இது எமோஜிகளுக்காக மட்டுமன்று. 2019இல் யுனிகோட் 12 பதிப்பு முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகளைச் சேர்த்தது. ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். பழைய கணக்கேடு ஒன்றை உள்ளிட உட்காருபவர் முந்திரிக் குறியிலேயே தடுக்கி நிற்பார்.