உஷார்! உங்கள் போன் திரையை இன்னொருவர் பார்க்கிறார்

"சார், ஈ.பி. ஆபீஸ்ல இருந்து பேசறேன். போன தடவை நீங்க கட்டின பில் எங்க சிஸ்டத்துல ஏறலை. இன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு லைன் கட் ஆயிடும்."

இப்படி ஒரு அழைப்பு வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அடுத்து வருவதுதான் பொறி: "பயப்படாதீங்க சார், நானே சரிபண்ணித் தரேன். ப்ளே ஸ்டோர்ல ஒரு ஆப் மட்டும் போடுங்க."

அந்த ஆப் வைரஸ் அல்ல. எனிடெஸ்க், டீம்வியூவர் குவிக்சப்போர்ட் போன்று ஐ.டி. அலுவலகங்களில் தினமும் பயன்படும் மென்பொருள்தான். பெங்களூரில் இருக்கும் மகன், மதுரையில் அப்பாவின் லேப்டாப்பைச் சரிசெய்வதும் இதை வைத்துத்தான். நல்ல ஆப் என்பதால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆன்டிவைரஸ் தடுத்துவிடும் என்றும் நம்ப முடியாது.

ஆப்பைத் திறந்ததும் திரையில் நீளமாக ஒரு எண் வரும். "அதுதான் உங்க கம்ப்ளெய்ன்ட் நம்பர், சொல்லுங்க" என்பார். உண்மையில் அது உங்கள் வீட்டுச் சாவி. எண்ணைச் சொல்லி, அடுத்து கேட்கும் அனுமதிக்கும் 'அலோ' கொடுத்துவிட்டால் உங்கள் திரை அவர் திரையில் தெரியும். பிறகு, "பில் அப்டேட் ஆக பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க" என்று ஒரு லிங்க் வரும். நீங்கள் தட்டும் கார்டு எண், சிவிவி எல்லாம் அவருக்குத் தெரியும். திரையின் மேலே எட்டிப்பார்க்கும் ஓடிபியை அவரும் படித்துவிடுவார். ஓடிபியை நீங்கள் யாரிடமும் வாய்திறந்து சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் பணம் போய்விடும்!

எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. 2022-ல் மின் இணைப்பைத் துண்டிப்பதாக மிரட்டும் எஸ்எம்எஸ்கள் தமிழ்நாட்டில் பரவின. இன்று கேஒய்சி, கூரியர், ரீஃபண்ட் என்று வேஷம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 முதல் வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைப் பகிர முடியும் என்பதால், இப்போது தனி ஆப்கூடத் தேவையில்லை.

எனவே ஒரே விதி: தானாகத் தேடி வரும் உதவிக்கு உங்கள் திரையைக் காட்டாதீர்கள். எந்த வங்கியும், எந்த அரசு அலுவலகமும் அப்படிக் கேட்காது.

"சரி, நானே கஸ்டமர் கேருக்குப் பேசுகிறேன்" என்று கூகுளில் நம்பர் தேடுவதும் ஆபத்துதான். வங்கியின் பெயரில் போலி எண்களை இணையத்தில் போட்டுவைத்து, நம் அழைப்புக்காகவே காத்திருக்கும் கும்பல்கள் உண்டு.

நோட்டு ஒன்று போடுங்கள்

இதற்குத்தான் ஒரு காகித நோட்டு. போனே அடுத்தவர் பிடியில் இருக்கும்போது, அதற்குள் சேமித்த நம்பரால் என்ன பயன்? காகிதத்தை யாரும் தூரத்திலிருந்து திறக்க முடியாது.

முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 1930. சைபர் மோசடியில் பணம் போனால் அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் இது. அடுத்து, ஏடிஎம் கார்டின் பின்புறமும் பாஸ்புக்கிலும் அச்சிட்டிருக்கும் வங்கி எண்கள், மகன், மகள், நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் எண்கள், சிம் நிறுவனத்தின் எண். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் குறித்து வையுங்கள். போன் திருடுபோனால் அது தேவைப்படும்.

பின் நம்பர், சிவிவி, பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டவே வேண்டாம்.

மாட்டிக்கொண்டால்?

யோசிக்காமல் ஃப்ளைட் மோடு போடுங்கள். வைஃபை எரிந்துகொண்டிருந்தால் அதையும் அணையுங்கள். இணையம் அறுந்தால் அவர் பார்வையும் அறுந்துவிடும். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்த அழைப்பு 1930-க்கு. பிறகு அந்த ஆப்பை நீக்கி, பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். போன பணம் கை மாறுவதற்குள் தகவல் போய்ச் சேர்ந்தால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரையிலான நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஏமாந்த அப்பா அம்மாவைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து அவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். "என்ன நடந்தாலும் முதல்ல எனக்கு போன் பண்ணுங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று இன்றே சொல்லிவையுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, அந்த நோட்டை நீங்களே எழுதி அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.